வி.ஏ.ஆர் போய்விடுமா, மாறிவிடுமா?

கேட்கப்பட்டவை மூன்று. ஃபுட்பாலில் வி.ஏ.ஆர், அதாவது தனி அறையில் வீடியோ பார்த்து நடுவருக்கு உதவுகிற முறை, வந்த பிறகும் சண்டை ஓயவில்லையே, அதை எடுத்துவிடுவார்களா? கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ் மாதிரி அணிகளே அப்பீல் செய்யும்படி மாற்றுவார்களா? இந்தியாவுக்கு எப்போது வரும்?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எடுக்க மாட்டார்கள். மாற்றம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. நமக்கு வர வேண்டியது பிரீமியர் லீக்கில் பார்க்கிற வி.ஏ.ஆர் இல்லை, அதைவிட எளிய ஒன்று. இனி விரிவாக.

பதினோரு வருடம் சென்னையில் கீழ் டிவிஷன் ஆட்டங்களில் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்திருக்கிறேன். அதனால் ஆஃப்சைடில் இருந்தே தொடங்குகிறேன். பாஸ் உதைக்கிற கணத்தில் அட்டாக்கர் எதிரணியின் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி கோல் பக்கம் நின்றால் அது ஆஃப்சைடு. டிவியில் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு கோடு. கொடி பிடிப்பவனுக்கு அது ஒரே நேரத்தில் இரண்டு இடத்தைப் பார்க்கிற வேலை. பாஸ் கொடுப்பவர் முப்பது மீட்டர் தள்ளி நிற்பார். கடைசி டிஃபெண்டர் எனக்கு நேர் எதிரே. இரண்டையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. அதனால் கண்ணை டிஃபெண்டர் மேல் வைத்துக்கொண்டு, பந்தை உதைக்கிற சத்தத்தைக் காதில் வாங்குவோம். 'தப்' என்று கேட்ட நொடியில் யார் எங்கே நின்றார் என்பதுதான் தீர்ப்பு. மைதானத்தைச் சுற்றி நாலு பேர் கத்தினால் காது போய்விடும். அப்போது நாம் கொடுப்பது ஊகம்.

அப்படி ஓர் ஊகத்தில் ஒரு கோலுக்கு ஒருமுறை கொடி தூக்கினேன். ஆட்டம் முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்த ஸ்ட்ரைக்கர் பையன் வந்தான். பதினெட்டு வயது இருக்கும். கத்தவில்லை. அவன் மாமா எடுத்த ஃபோன் வீடியோவை நீட்டி, "சார், பாருங்க" என்றான். கடைசி டிஃபெண்டரைத் தாண்டவே இல்லை, முழுதாக ஓர் அடி பின்னால் நின்றிருக்கிறான். என்னிடம் பதில் இல்லை. அந்த வருடம் அவன் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. வீடியோவே வேண்டாம், மனிதத் தவறும் விளையாட்டின் ஒரு பகுதிதான் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பையன் முகம்தான் நினைவுக்கு வரும். தவறின் விலையைக் கொடுப்பது எப்போதும் நடுவர் இல்லை.

நம் எல்லோருக்கும் நினைவிருக்கிற உதாரணம் ஒன்று உண்டு. 2024 ஜூன் 11, தோஹா. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா கத்தாரை எதிர்த்து ஆடியது. சாங்தே 37-வது நிமிடத்தில் போட்ட கோலால் இந்தியா முன்னிலையில் இருந்தது. வென்றால் வரலாற்றில் முதல் தடவையாக மூன்றாவது சுற்று. 73-வது நிமிடத்தில் கத்தாரின் ஒரு ஹெட்டரை நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் தடுத்தார். பந்து கம்பத்துக்கு வெளியே கோட்டைத் தாண்டி உருண்டது. கார்னர் என்று நினைத்து நம் ஆட்கள் நின்றுவிட்டார்கள். வெளியே போன பந்தைக் காலால் உள்ளே இழுத்துக் கொடுத்தார் கத்தார் வீரர் ஒருவர், யூசுப் அய்மன் அதை வலைக்குள் தள்ளினார். நடுவர் கோல் என்றார். அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர் கிடையாது. அப்புறம் இன்னொரு கோல் விழுந்தது, 2-1, இந்தியா வெளியே. டிவி ரீப்ளேயில் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவில் புல் தெரிந்தது. அதைப் பார்க்க நிபுணர் தேவையில்லை, ஒரு ஸ்கிரீனும் பத்து விநாடியும் போதும்.

இந்தப் பத்து விநாடிக்கும் இங்கிலாந்தில் ரசிகர்கள் திட்டித் தீர்க்கிற நாலு நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் வி.ஏ.ஆரின் எதிர்காலம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நடுவர் எடுக்கும் முடிவுகளில் இரண்டு ஜாதி உண்டு. பந்து கோட்டைத் தாண்டியதா, ஆள் ஆஃப்சைடில் இருந்தாரா, ஃபவுல் பெட்டிக்குள்ளா வெளியேயா என்பவை அளந்து சொல்லக்கூடியவை. கையில் பட்டது குற்றமா, அந்த உரசல் பெனால்டிக்குப் போதுமா, டேக்கிளில் அபாயம் இருந்ததா என்பவை மனிதர் எடைபோட வேண்டியவை. முதல் ஜாதிக்கு மெஷின் நன்றாக உதவும். இரண்டாவதில் மெஷின் எவ்வளவு துல்லியமாகக் காட்டினாலும் சண்டை தீராது, ஏனென்றால் அங்கே சண்டை படத்தைப் பற்றியது இல்லை. 2018-ல் இரண்டையும் ஒரே அறையில், ஒரே நடைமுறைக்குள் போட்டுக் கலக்கினார்கள். இப்போது மெதுவாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அளக்கக்கூடியதில் சண்டை எப்படித் தீரும் என்பதற்கு கோல் லைன் டெக்னாலஜி சாட்சி. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து பாரில் பட்டு, கோட்டுக்கு உள்ளே நன்றாக விழுந்து வெளியே வந்தது. நடுவர் கொடுக்கவில்லை. இரண்டே வருடத்தில், 2012 ஜூலையில், விதிக்குழுவான இஃபாப் கோல் லைன் டெக்னாலஜிக்கு அனுமதி கொடுத்தது. இப்போது பந்து தாண்டினால் ஒரு விநாடிக்குள் நடுவரின் வாட்ச் அதிரும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. 2020 ஜூனில் ஆஸ்டன் வில்லா, ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டத்தில் கோல்கீப்பர் பந்தோடு கோட்டுக்குள் போனபோது ஏழு கேமராவுக்கும் பந்து மறைந்து வாட்ச் அதிராமல் போனது. அது போலத் தவறியது ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களில் முதல் தடவை என்றது அதை நடத்தும் ஹாக்-ஐ நிறுவனம். ஒரு கருவி இப்படிப் பேச்சுக்கே வராமல் போவதுதான் அதன் வெற்றி.

ஆஃப்சைடு அந்த வழியில்தான் போகிறது. ஆரம்பத்தில் வி.ஏ.ஆர் அறையில் ஒருவர் டிவி படத்தை நிறுத்தி, கையால் கோடு போட்டார். அக்குள், முழங்கால், ஷூ நுனி என்று மில்லிமீட்டர் பேசினார்கள். அதில் ஒரு பொய் இருந்தது. டிவி கேமரா விநாடிக்கு 50 படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் ஓடுகிற விங்கர் விநாடிக்கு 9 மீட்டர் போவார். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 18 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், கிட்டத்தட்ட ஒரு ஜாண். டிஃபெண்டர் எதிர்த்திசையில் ஏறினால் இன்னும் கூடும். உதை விழுந்த கணம் இந்தப் படமா அடுத்த படமா என்பதே தெரியாதபோது ஒரு விரல் அகலத்துக்கு கோல் இல்லை என்பது துல்லியம் ஆகாது. பிரீமியர் லீக்கே 2021-22 சீசனில் கோடுகளைத் தடிமனாக்கி, சந்தேகத்தின் பலனை அட்டாக்கருக்குக் கொடுக்கத் தொடங்கியது.

2022 கத்தார் உலகக் கோப்பையில் வந்த அரைத் தானியங்கி ஆஃப்சைடு முறை இந்த ஓட்டையின் பெரும்பகுதியை அடைத்தது. மைதானக் கூரையில் 12 கேமரா. ஒவ்வொரு வீரர் உடம்பிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு 50 தடவை அது குறித்துக்கொள்ளும். பந்துக்குள் இருக்கிற சென்சார் விநாடிக்கு 500 தடவை தகவல் அனுப்பும். உதைத்த கணத்தை ஊகிக்க வேண்டியதில்லை. நான் காதால் செய்த வேலையை அந்தச் சென்சார் செய்கிறது, கூட்டம் கத்தினாலும் அதற்குக் காது போகாது. சவுதிக்கு எதிராக அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் முதல் பாதியிலேயே ஆஃப்சைடில் போனது பலருக்கு நினைவிருக்கும். இங்கிலாந்து 2025 ஏப்ரலில் இந்த முறைக்கு மாறியது. அதே ஆண்டு அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பையில், தெளிவான ஆஃப்சைடு என்றால் வி.ஏ.ஆர் அறைக்குக் காத்திராமல் லைன்ஸ்மேன் காதுக்கே நேராக எச்சரிக்கை போனது. இன்னும் சில வருடத்தில் பெரிய ஆட்டங்களில் ஆஃப்சைடுக்கு யாரும் நின்று காத்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். அதற்குப் பிறகு விதியையே தொட வேண்டியிருக்கும். ஃபிஃபாவில் இருக்கும் ஆர்சென் வெங்கர், டிஃபெண்டருக்கும் அட்டாக்கருக்கும் நடுவில் முழு இடைவெளி தெரிந்தால்தான் ஆஃப்சைடு என்று மாற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படி மாற்றினாலும் விரல் அகலச் சண்டை இன்னொரு இடத்துக்கு நகருமே தவிர ஒழியாது. ஆனால் கோல்கள் கூடும்.

இரண்டாவது ஜாதிதான் உண்மையான தலைவலி. 2018 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை மறுபடி பாருங்கள். பிரான்சின் கார்னரில் குரோஷியாவின் பெரிசிச் கையில் பந்து படுகிறது. நடுவர் நெஸ்டர் பிட்டானா ஓரத்துக்கு ஓடி ஸ்கிரீனைப் பார்க்கிறார். முடிவு செய்துவிட்டவர் போலத் திரும்பி நடக்கிறார். மறுபடி திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்க்கிறார். அப்புறம்தான் பெனால்டி. உலகத்திலேயே பெரிய ஆட்டத்தில், எல்லாக் கோணத்திலும் படம் கையில் இருந்தும், அந்த மனிதர் தவித்தார். படத்தில் குறையில்லை. 'குற்றமான கை' எது என்பது படத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஸ்லோ மோஷன் இதை இன்னும் மோசமாக்கும். ஒரு டேக்கிளை மெதுவாக ஓட்டினால் ஆடியவர் யோசித்து, திட்டமிட்டு மிதித்த மாதிரி தோன்றும். உண்மையில் அவருக்குக் கிடைத்தது கண் சிமிட்டும் நேரம். இப்படி மெதுவாக ஓட்டப்பட்ட படம் பார்ப்பவர் மனதில் 'வேண்டுமென்றே செய்தார்' என்ற எண்ணத்தைக் கூட்டுகிறது என்று 2016-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வே வந்தது. வி.ஏ.ஆர் நடைமுறையிலும் ஸ்லோ மோஷன் எங்கே பட்டது, எந்த இடம் என்பதற்கு மட்டும்தான், வேகத்தையும் தீவிரத்தையும் சாதாரண வேகத்தில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நல்ல விதி. நடுவரை ஸ்கிரீனுக்கு அழைத்துவிட்டு முதல் படமாகவே உறைந்த படத்தைக் காட்டினால் அந்த விதிக்கு உயிர் இருக்காது.

மெஷின் சரியாக இருந்து மனிதப் பேச்சு சறுக்கிய கதையும் இருக்கிறது. 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் லிவர்பூல் ஆட்டம். லிவர்பூலின் லூயிஸ் தியாஸ் கோல் போடுகிறார், லைன்ஸ்மேன் கொடி தூக்குகிறார். வி.ஏ.ஆர் அறையில் கோடு போட்டுப் பார்க்கிறார்கள், ஆஃப்சைடு இல்லை. எல்லாம் சரி. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று வி.ஏ.ஆர் நடுவர் தப்பாக நினைத்துக்கொண்டு, சோதனை முடிந்தது, சரியாக இருக்கிறது என்கிறார். மைதானத்து நடுவர் தன் முடிவுதான் சரி என்று எடுத்துக்கொண்டு ஃப்ரீ கிக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவிடுகிறார். அறையில் ரீப்ளே ஓட்டுகிற ஆபரேட்டர்தான் முதலில் கண்டுபிடித்துப் பதறுகிறார். ஆட்டம் தொடங்கிவிட்டால் பின்னால் போக விதி இடம் தராது. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. பிற்பாடு வெளியிட்ட ஒலிப்பதிவைக் கேட்டால் வயிறு கலங்கும். திறமைக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். அவசரம், சுருக்கப் பேச்சு, ஆளுக்கொரு சொல். "கள முடிவு ஆஃப்சைடு, உன் முடிவை கோல் என்று மாற்று" என்று ஒரு முழு வாக்கியம் பேசியிருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது.

இதனால்தான் நடுவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்ற மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். 2023 மகளிர் உலகக் கோப்பையில் நடுவர்கள் மைக்கில் முடிவை அறிவித்தார்கள். இங்கிலாந்தில் 2025 ஜனவரியில் லீக் கோப்பை அரையிறுதியில் அது முதல் தடவை நடந்தது. அது போதாது. ரக்பியில் நடுவருக்கும் வீடியோ நடுவருக்கும் நடக்கிற பேச்சையே டிவியில் கேட்கலாம். கிரிக்கெட்டில் மூன்றாவது அம்பயர் அல்ட்ரா எட்ஜ் பார்க்கும்போது பேசுவதை நம் வீட்டு ஹாலில் எல்லோரும் கேட்கிறோம். தீர்ப்பு பிடிக்காவிட்டாலும் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று தெரியும். மைதானத்தில் டிக்கெட் வாங்கி நிற்கிறவனுக்கு மட்டும் எதுவும் தெரியாது என்பது ஃபுட்பாலின் பெரிய அநியாயம். நார்வேயில் 2024 ஜூலையில் ரூசன்போர்க், லில்லெஸ்த்ரோம் ஆட்டத்தில் ரசிகர்கள் மீன் கேக்குகளையும் டென்னிஸ் பந்துகளையும் உள்ளே எறிந்து ஆட்டத்தையே கைவிட வைத்தார்கள். கோபம் தவறான தீர்ப்பின் மேல் மட்டுமில்லை, கோல் விழுந்ததும் கட்டிப்பிடித்துக் கத்துகிற அந்த நொடி பறிபோனதன் மேல்.

அந்தக் கோபம் வி.ஏ.ஆரை ஒழிக்குமா? இதுவரை நடந்ததைப் பாருங்கள். 2024 ஜூனில் வுல்வ்ஸ் கிளப், பிரீமியர் லீக்கில் வி.ஏ.ஆரை எடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தது. 19-1 என்று தோற்றது. நார்வேயில் 2025 ஜனவரியில் கிளப்புகள் 19-13 என்று எடுக்கச் சொல்லி வாக்களித்தன, ஆனால் மார்ச்சில் அந்நாட்டுச் சங்கத்தின் மாநாடு வைத்துக்கொள்ளவே முடிவு செய்தது. ஸ்வீடன் மட்டும்தான் உறுதியாக வேண்டாம் என்றது. அங்கே கிளப்புகளில் 51 சதவீதம் உறுப்பினர்கள் கையில், அதனால் ரசிகர் சொன்னது நடந்தது. பணம் பெருத்த லீக்குகளில் அப்படி நடக்காது. ஒரு தவறான பெனால்டியில் ஒரு கிளப் கீழே இறங்கினால் போகிற காசு அப்படி.

டி.ஆர்.எஸ் கேள்விக்கு வருகிறேன். மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது, பெயர் ஃபுட்பால் வீடியோ சப்போர்ட். 2024-ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் ஃபிஃபா சோதித்தது. தனி அறை இல்லை, வீடியோ நடுவர் இல்லை. ஒவ்வொரு அணிக்கும் இரண்டு அப்பீல். கோச் விரலை மேலே தூக்கிச் சுழற்றி, நான்காவது நடுவரிடம் ஒரு அட்டையைக் கொடுப்பார். நடுவரே போய் ஓரத்து ஸ்கிரீனில் பார்த்து முடிவெடுப்பார். முடிவு மாறினால் அப்பீல் கையிலேயே இருக்கும், மாறாவிட்டால் போச்சு. கோல், பெனால்டி, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறாட்டம் என்று வி.ஏ.ஆர் அப்போது பார்த்த அதே நான்குக்குத்தான் இதுவும். நான்கைந்து கேமரா மட்டும் இருக்கிற மைதானங்களை மனதில் வைத்துச் செய்தது. 2025-26 சீசனில் 60 கிளப்புகள் ஆடுகிற இத்தாலியின் மூன்றாம் நிலை லீக்கான சீரி சி இதை எடுத்துக்கொண்டது.

எனக்கு இது ஏன் பிடிக்கிறது என்றால், சந்தேகப்படுகிற பொறுப்பை இது இடம் மாற்றுகிறது. இப்போது வி.ஏ.ஆர் அறையில் இருப்பவர் ஒவ்வொரு கோலையும் தோண்டிப் பார்க்கிறார், யாரும் கேட்காத தவறைத் தேடிப் போகிறார். அப்பீல் முறையில், அநியாயம் நடந்தது என்று நினைக்கிறவர் கை தூக்க வேண்டும். தூக்கி, தவறாக இருந்தால் இழக்கவும் வேண்டும். ஹாக்கி ரெஃபரலில் இதைப் பல வருடமாகப் பார்க்கிறோம். கேட்டுத் தோற்ற அணிக்கு நடுவர் மேல் கோபம் பாதி இறங்கிவிடும்.

குறையும் இருக்கிறது. 88-வது நிமிடத்தில் முன்னிலையில் இருக்கிற கோச், மிச்சமுள்ள அப்பீலை எதிரணியின் வேகத்தை உடைக்கப் பயன்படுத்துவார். இரண்டையும் இழந்த பிறகு தோஹா மாதிரி ஒன்று நடந்தால் வழியில்லை. நான்கு கேமராவை வைத்து நெருக்கமான ஆஃப்சைடைத் தீர்க்கவும் முடியாது. அதற்குக் கிரிக்கெட்டிடம் இருந்து 'அம்பயர்ஸ் கால்' என்ற யோசனையைக் கடன் வாங்க வேண்டும். படம் தெளிவாகச் சொல்லாவிட்டால் கள முடிவு நிற்கும், அப்பீலும் அணியிடமே இருக்கும். வி.ஏ.ஆரின் 'தெளிவான, கண்கூடான தவறு' என்ற அளவுகோல் அதேதான், ஆனால் அதைக் காட்டுகிற ஒரு படமோ சொல்லோ ரசிகருக்குக் கிடைக்கவில்லை. ஸ்டம்பின் ஓரத்தில் பந்து பாதி தொடுகிற படத்தைப் பார்த்து நம் ஊர்ச் சிறுவனும் "அம்பயர்ஸ் கால்பா" என்று அடங்குகிறான் இல்லையா, அந்த மாதிரி.

பெரிய லீக்குகளோ எதிர்த்திசையில் இழுக்கின்றன. 2026-ல் இஃபாப், தவறாகக் காட்டிய இரண்டாவது மஞ்சள் அட்டையால் வருகிற ரெட் கார்டையும் பார்க்கலாம் என்றது. அது நியாயம், ஒரு ஆளை வெளியே அனுப்புவது சின்ன விஷயமில்லை. தவறாகக் கொடுத்த கார்னரையும் போட்டி நடத்துபவர் விரும்பினால் பார்க்கலாம், ஆட்டம் தாமதிக்கக் கூடாது என்றும் சொன்னது. இது வேண்டாம் என்பது என் கருத்து. கார்னரைப் பார்த்தால் அடுத்து த்ரோ இன், அடுத்து நடு மைதானத்து ஃப்ரீ கிக் என்று கேட்பார்கள். "குறைந்த தலையீடு, அதிகப் பலன்" என்றுதான் வி.ஏ.ஆரைக் கொண்டுவந்தார்கள். அந்த முதல் பாதியை மறந்துவிடக் கூடாது. இஃபாப்பில் எட்டு வாக்கு. ஃபிஃபாவுக்கு நான்கு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தலா ஒன்று, ஆறு சேர்ந்தால்தான் விதி மாறும். ஒரே பாய்ச்சலில் எதுவும் நடக்காது என்பது ஒரு ஆறுதல்.

இந்தியா. நம் முதல் நிலை லீக்கான ஐ.எஸ்.எல்-இல் வி.ஏ.ஆர் இல்லை. 2023-ல் குறைந்த கேமராக்களோடு நடத்துகிற 'வி.ஏ.ஆர் லைட்' பற்றி இந்திய ஃபுட்பால் சங்கத் தரப்பில் பேசினார்கள். அந்தப் பேச்சு சூடுபிடித்ததற்குப் பெங்களூரில் மார்ச் 3-ல் பெங்களூரு, கேரளா அணிகள் ஆடிய பிளே ஆஃப் ஒரு காரணம். கூடுதல் நேரத்தில் கேரளா சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே பெங்களூருவின் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்து கோல் போட்டார், கேரளா மைதானத்தை விட்டே வெளியேறியது, அப்புறம் நான்கு கோடி அபராதம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று முழு வி.ஏ.ஆர் இருந்திருந்தாலும் அந்த முடிவு மாறியிருக்காது என்பது என் கணிப்பு. ஃப்ரீ கிக்கை எப்போது எடுக்கலாம் என்பது மைதானத்து நடுவர் கையில் இருக்கிற விஷயம், வி.ஏ.ஆரின் நான்கில் அது வராது. வீடியோ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் அந்த ஆட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முழு வி.ஏ.ஆருக்குப் பணத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு பயிற்சி பெற்ற ஆட்கள். ஓர் ஆட்டத்துக்கு வீடியோ நடுவர், அவருக்கு உதவியாளர், ரீப்ளே ஆபரேட்டர் என்று ஒரு கூட்டமே வேண்டும், எல்லோரும் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்களாக. நல்ல நடுவர்களைக் களத்தில் இருந்து பிடுங்கி அறைக்குள் உட்கார வைத்தால் களம் காலியாகும். அப்பீல் முறைக்கு வேண்டியது ஒரு ஸ்கிரீன், ஒரு ஆபரேட்டர், ஏற்கெனவே ஒளிபரப்புக்கு வந்திருக்கும் கேமராக்கள். ஐ.எஸ்.எல், அதற்கு அடுத்த நிலை லீக், மகளிர் லீக், சந்தோஷ் டிராபி கடைசிச் சுற்றுகள் வரை நாளைக்கே தொடங்கலாம். நம் பிள்ளைகளும் பதினாறு பதினேழு வயதிலேயே அந்த முறையில் ஆடிப் பழகுவார்கள்.

தொடங்குகிறவர்களுக்குக் கொடி பிடித்தவனாக ஒரு வேண்டுகோள். கேமரா நான்குதான் என்றால், இரண்டை கோல் லைனுக்கு நேரே, பக்கத்துக்கு ஒன்றாக, தரையோடு தாழ்வாக வையுங்கள். ஒளிபரப்புக்காரர்கள் அழகான கோணம் கேட்பார்கள், கோச் பெஞ்சைக் காட்டவும் ஒன்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.